முதல் வேலையில் எதைப் பார்த்துச் சேர்வது?

இயந்திரப் பொறியியல் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஏப்ரல், மே மாதங்களில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ஒரு பக்கம், ஊரறிந்த பெரிய நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளர் இடம் கிடைத்திருக்கிறது. மறுபக்கம், கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ அறுபது எழுபது பேர் வேலை பார்க்கும் பம்ப் தொழிற்சாலை ஒன்று கூப்பிடுகிறது. எதில் சேர்வது என்கிறார்கள். பம்ப், மோட்டார் தொழிலில் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது புதிதாகச் சேர்பவர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், இதற்கு நான் சொல்லும் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நிறுவனத்தின் பெயரையும் முதல் மாதச் சம்பளத்தையும் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொன்றை விசாரித்துப் பார்க்கச் சொல்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் எடுக்கும் முடிவின் பலன், நல்லதோ கெட்டதோ, எவ்வளவு சீக்கிரம் உங்கள் மேசைக்கே திரும்பி வரும்? நீங்கள் வரைந்த பாகம் வார்ப்பாகி, கடைசலாகி, பொருத்தப்பட்டு, ஓடிப் பார்க்கப்படுவதை நீங்களே நின்று பார்க்க முடியுமா? நீங்கள் மாற்றிய ஒரு செய்முறையால் கழிவு கூடியதா குறைந்ததா என்பது உங்கள் காதுக்கு வருமா? முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒருவர் பொறியாளராகத் தேறுவதும் தேறாமல் போவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான் அமைகிறது என்பது நான் பார்த்துத் தெரிந்துகொண்டது. சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கல்விக் கடன் தலைக்கு மேல் இருக்கும் வீட்டுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும், பட வேண்டியதும்கூட. ஆனால் இரண்டு இடங்களுக்கும் இடையே மாதம் மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்தான் வித்தியாசம் என்றால், அந்தத் தொகைக்காக இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எங்களிடம் சேர்ந்த ஒரு பயிற்சிப் பொறியாளர், வார்ப்பிரும்பு மூடி ஒன்றுக்கு வரைபடம் போட்டார். அதில் 12 மி.மீ. போல்ட் நுழைவதற்கான துளைகளுக்கு 13.5 மி.மீ. என்று சரியாகவே அளவு கொடுத்திருந்தார். பக்கத்தில் எச்7 என்று பொருத்த அளவையும் எழுதியிருந்தார். பழைய வரைபடம் ஒன்றில் பேரிங் உட்காரும் இடத்தில் இருந்த குறிப்பு, நகலெடுக்கும்போது இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எச்7 என்றால் அந்த அளவுத் துளைக்கு அனுமதிக்கப்படும் வேறுபாடு 18 மைக்ரான் மட்டுமே; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வரைபடம் எந்திரக்கூடத்துக்குப் போன அன்றே, கணினிக் கட்டுப்பாட்டில் துளையிடும் வி.எம்.சி. எந்திரத்தில் நிற்கும் மூத்த செட்டர் (எந்திரத்தை வேலைக்குத் தயார்செய்பவர்) ஒருவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, இந்த ஓட்டையில என்னங்க போகுது?"

"எம் 12 போல்ட்டுங்கண்ணா."

"போல்ட்டு போறதுக்கு ரீமர் எதுக்குங்க தம்பி?"

அவ்வளவுதான் உரையாடல். ரீமர் என்பது போட்ட துளையை நுட்பமான அளவுக்குச் செதுக்கும் கருவி. அதற்குள் ஒரு பருவப் பாடமே அடங்கியிருந்தது. போல்ட் தாராளமாக நுழைந்தால் போதும் என்ற துளைக்கு எச்13 போதுமானது. அதன் வேறுபாடு 270 மைக்ரான், அதாவது பதினைந்து மடங்கு. ட்ரில் ஒன்றை இறக்கி எடுத்தால் வேலை முடிந்தது. எச்7 என்று எழுதிவிட்டால், துளையிட்டு, ரீமர் ஓட்டி, ஒவ்வொரு துளையிலும் அளவு சோதிக்கும் பிளக் கேஜ் வைத்துப் பார்த்து, நல்ல மூடிகளையே கழித்துக் கட்டவும் நேரும். அந்த இளைஞர் அன்று மாலைக்குள் வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தார். அதற்கப்புறம் எந்த எண்ணை எழுதுவதற்கு முன்னும், இந்த அளவு யாருக்குத் தேவை, எந்தக் கருவியால் இதைச் செய்வார்கள், எதை வைத்து அளப்பார்கள் என்று தானாகவே விசாரிக்கத் தொடங்கினார். கல்லூரியில் பொருத்த அளவுகளின் அட்டவணையை அவரும் மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதியிருப்பார். செட்டர் மாடியேறி வந்து கேட்டபோதுதான் அந்த அட்டவணை அவருக்குச் சொந்தமானது. இதே பிழை, வரைபடம் வேறு நகரத்திலும் உற்பத்தி வேறு மாநிலத்திலும் நடக்கும் நிறுவனத்தில் நேர்ந்திருந்தால், ஆறு மாதம் கழித்துச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகத் தலைகாட்டியிருக்கும். எழுதியவர் அதற்குள் வேறு திட்டத்துக்குப் போயிருப்பார்.

இதனால் சிறிய நிறுவனமே மேல் என்று நான் பொதுவாகச் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். பெரிய ஆலைகள் கற்றுத்தருகிற சில விஷயங்களைச் சிறிய இடங்களில் கற்கவே முடியாது. வாகன உதிரிபாகத் தொழிலில் 2016-இல் வெளியான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலையின்படி இயங்கும் ஓர் ஆலையில், புதிய பாகம் ஒன்று உற்பத்திக்கு வருவதற்கு முன் எங்கெல்லாம் பிழை நேரக்கூடும் என்று உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். ஒவ்வொரு நிலையிலும் எதை, எத்தனைக்கு ஒரு முறை, எந்தக் கருவியால் அளப்பது என்று கட்டுப்பாட்டுத் திட்டம் எழுதுவார்கள். அளக்கும் கருவியையும் அளக்கும் ஆளையுமே சோதித்துப் பார்ப்பார்கள். அளவுகள் வரம்புக்குள் எவ்வளவு சீராக நிற்கின்றன என்று காட்டும் செய்முறைத் திறன் எண் 1.33-க்குக் கீழே இறங்கினால் காரணம் கேட்பார்கள். வாடிக்கையாளரிடமிருந்து ஒரு புகார் வந்தால், யாரைத் திட்டுவது என்று பார்க்காமல், காரணத்தைப் படிப்படியாகத் தோண்டி எழுதும் பழக்கம் அங்கே உண்டு. இந்த ஒழுங்கு ஒருவர் கையில் ஏறிவிட்டால் வாழ்நாள் முழுவதும் உதவும். சிறு தொழிற்சாலைகளில் இதெல்லாம் பல நேரங்களில் முதலாளியின் நினைவிலும் மூத்த தொழிலாளியின் விரல்நுனியிலும்தான் இருக்கிறது.

ஆனால் பெரிய ஆலைக்குள் நுழைந்துவிட்டாலே இந்த ஒழுங்கு கைக்கு வந்துவிடும் என்று நினைப்பதுதான் தவறு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர்ப் பக்கம் பயிற்சிப் பொறியாளர் என்ற பெயரில் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் முழுக்க ஒரே அசெம்பிளி வரிசையில் ஆட்களைப் பிரித்து நிறுத்துவதையும் ஷிப்டு எண்ணிக்கையை எழுதுவதையும் மட்டுமே செய்துவிட்டு, பயிற்சிக் காலம் முடிந்ததும் நிரந்தரம் இல்லை என்று வெளியே வந்தவர்களை நேர்காணலில் நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். நேரத்துக்கு வந்து, இரவு ஷிப்டு பார்த்து, கடுமையாக உழைத்தவர்கள். அந்த வரிசையில் எதற்கு எந்த முறுக்கு விசையில் நட்டை இறுக்குகிறார்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆகவே பெரிய நிறுவனத்தின் பணி நியமன ஆணை கையில் இருப்பவர்கள், எந்தத் துறையில் போடுவார்கள், துறை மாற்றம் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்வதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு மனிதவளத் துறையைவிட உங்கள் கல்லூரியின் முந்தைய வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.

பெரிய பெயர் என்றால் பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்து, அடுத்த ஆண்டே மறைமலை நகர் ஆலையில் வேலை நின்றுபோனது. சிறியவை மட்டும் தப்பித்துவிடுகின்றனவா என்றால் அதுவும் இல்லை. திருச்சி துவாக்குடியில் பெல் நிறுவனத்தின் ஆணைகளை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், அனல்மின் நிலைய ஆணைகள் சுருங்கியபோது பட்ட பாடு நமக்குத் தெரியும். எந்த இடத்திலும் நிலையாக இருப்பது நாம் கற்றுக்கொண்டது மட்டும்தான் என்னும்போது, கற்க வாய்ப்புள்ள இடத்தைத் தேடுவது வெறும் இலட்சியப் பேச்சு ஆகாது. வயிற்றுப்பாட்டுக்கும் அதுவே வழி.

எந்தத் துறையில் சேர்வது என்பதிலும் நம் பிள்ளைகளிடம் ஒரு சாய்வு இருக்கிறது. வடிவமைப்பு என்றால் மதிப்பு, உற்பத்தி என்றால் பரவாயில்லை, பராமரிப்பு என்றால் எண்ணெய்க் கறை, களப்பணி என்றால் அலைச்சல் என்று ஒரு வரிசையை யாரோ அவர்கள் மனத்தில் எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால், பம்ப் தொழிலுக்கு வருகிற ஒருவர் முதல் ஓராண்டைக் களப்பணியில் கழிப்பதைப் போன்ற பயிற்சி வேறு இல்லை. பல்லடம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர்மூழ்கி மோட்டாரைக் குழாய் குழாயாகக் கழற்றி மேலே எடுக்க அரை நாள் ஆகும். "போன மாசந்தானுங்க காயில் கட்டுனோம், மறுபடியும் போயிருச்சுங்க" என்று தோட்டக்காரர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கருகிய காயிலைப் பார்த்து, மூன்று ஃபேஸும் ஒரே மாதிரி கருகியிருக்கிறதா அல்லது ஒரு ஃபேஸ் மட்டும் தப்பியிருக்கிறதா என்று கவனிக்கத் தெரிந்தவருக்கு, வந்த மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடியதா, சுமை கூடிச் சூடேறியதா என்பதற்கான துப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

அதோடு நின்றுவிடுவதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் மின்னழுத்தம் சரியாக இருக்கும். ஆனால் காசை மிச்சம் பிடிக்க மெல்லிய கேபிளை இறக்கியிருப்பார்கள். ஆயிரம் அடி நீளக் கேபிளில் மின்னழுத்தம் இறங்கி, கீழே மோட்டாருக்குப் போய்ச் சேர்வது போதாமல், அது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து, சூடேறி, இன்சுலேஷன் கெட்டுப் போயிருக்கும். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் ஓரங்கள் தேய்ந்திருந்தால் கிணற்றில் மணல் வருகிறது என்று அர்த்தம். தண்டின் அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் பொடிந்திருந்தால் தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகும் ஓட விட்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். நீர்மூழ்கி பம்ப்செட்டுகளுக்கான ஐ.எஸ். 8034 தரநிலையைச் சோதனை மேடையில் வைத்துப் படிப்பவருக்கு அது எண்களின் தொகுப்பாகவே தெரியும். பத்துத் தோட்டங்களுக்குப் போய் வந்தவருக்கோ அந்தச் சோதனையில் எது பிடிபடும், எது பிடிபடாது என்று புரியும். இப்படி ஓராண்டு அலைந்துவிட்டு வடிவமைப்புக்கு வந்த பொறியாளர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்கள் போடும் வரைபடத்தில், கழற்றி மாட்டுகிறவரின் ஸ்பேனர் நுழைய இடம் இருக்கும்.

தரக்கட்டுப்பாட்டுத் துறைக்கும் பராமரிப்புத் துறைக்கும் இதே நியாயம் பொருந்தும். கொள்முதல் துறை மட்டும் முதல் வேலைக்கு உகந்ததில்லை என்பது என் கருத்து. பாகம் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாமல் அதன் விலையைப் பேசப் பழகிவிட்டால், பிற்பாடு அந்தக் குறையைச் சரிசெய்வது கடினம்.

படிக்கும் காலத்து அனுபவத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வருத்தமும் உண்டு, கோபமும் உண்டு. இன்பிளான்ட் டிரெயினிங் என்ற பெயரில் ஒரு வாரம் தொழிற்சாலைக்குப் போனதாகச் சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். அதில் பல நேரங்களில் உள்ளே போனது ஒரே ஒரு நாளாக இருக்கிறது, சில நேரங்களில் அதுவும் இல்லை. இறுதியாண்டுத் திட்டத்தைப் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கி, அட்டை போட்டு ஒப்படைக்கிறார்கள். அந்த ஒரு பருவம்தான், தவறு செய்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாமல் ஒரு பொருளைத் தாமே செய்து பார்க்கக் கிடைக்கும் அவகாசம். அதைப் பணம் கொடுத்து இழக்கிறார்கள். கல்லூரிகளும் தெரிந்தே விட்டுவிடுகின்றன.

கோவைக்காரர்களுக்கு இந்தக் கவலை புதிதில்லை. 1937-இல் இந்தியாவில் மின்மோட்டார் தயாரிப்புக்கு இங்கே அடிபோட்டவர்களில் ஒருவரான ஜி.டி. நாயுடு, 1945-இல் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றைத் தொடங்க முன்நின்றார். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வழிவந்ததுதான். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, செய்முறையோடு சேர்த்துக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்று அவர் வாதாடினார். அரசு அதற்கு இணங்காதபோது பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டு ஆண்டுகள் போதுமா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. வெப்பவியலும் பொருள் வலிமையும் அவ்வளவு அவசரமாகத் தலையில் ஏறுவதில்லை. கற்பதையும் செய்வதையும் பிரிக்கக் கூடாது என்ற அவருடைய அடிப்படையில் ஐயம் இல்லை. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்புக்கு நடுவே தொழிற்பயிற்சியைச் செருகி நடத்தும் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பில் தேறியவர்களோடு வேலை செய்திருக்கிறேன். எந்திரத்தின் அருகே நிற்கும்போது அவர்களிடம் தயக்கம் இருப்பதில்லை.

அந்த வாய்ப்பு இல்லாத மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விடுமுறையில் ஏதாவது ஒரு பட்டறைக்குள் நுழைய வழி செய்துகொள்ளுங்கள். மாமாவின் நண்பர் வைத்திருக்கும் லேத் பட்டறையாக இருந்தாலும் போதும். உள்ளே போனதும் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்காமல், ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு, அது கச்சா வார்ப்பாக வந்து இறங்குவது முதல் வண்டியில் ஏறுவது வரை பின்தொடருங்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் கிடக்கிறது, யார் தொடுகிறார், எந்த முகத்தை ஆதாரமாக வைத்துப் பிடிக்கிறார், எதைக் கொண்டு அளக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கழித்துப் போட்ட பாகங்கள் குவிந்திருக்கும் மூலை எங்கே என்று கேட்டு, அங்கே சற்று நேரம் நில்லுங்கள். ஊதுதுளை விழுந்த வார்ப்பும், அளவு மீறிக் கடைந்த தண்டும் ஏன் அப்படி ஆயின என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால், மரியாதையாகக் கேட்கிற பிள்ளைக்குச் சொல்லித்தர மறுக்கும் தொழிலாளியை நான் இதுவரை கண்டதில்லை.

படித்து முடித்தும் வேலை அமையாதவர்கள், அப்ரண்டிஸ் பயிற்சியை ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கானது என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டபோதே பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். தென்மண்டலத்துக்கான தொழிற்பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஓராண்டுப் பயிற்சி. உதவித்தொகையாகப் பட்டதாரிகளுக்குக் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவர்களுக்கு 8,000 ரூபாய் என்று 2019-ஆம் ஆண்டு விதித் திருத்தம் வைத்தது; குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. பயிற்சிக் காலத்தில் தொழிலாளர்களுக்குரிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலுகைகளும் பொருந்தா. இவற்றைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து ஓராண்டை ஓட்டுவதைவிடவும், மென்பொருள் வகுப்பு ஒன்றுக்கு ஐம்பதாயிரம் கட்டுவதைவிடவும் இது எத்தனையோ மேல்.

மென்பொருள் வகுப்பு என்றதும் ஒன்று. சாலிட்வொர்க்ஸ், கிரியோ போன்ற வரைபட மென்பொருள்கள் தெரிந்திருப்பது நல்லதுதான், நாங்களும் எதிர்பார்க்கிறோம். ஆனால் நேர்காணலில் நான் கணினியை முதலில் காட்டுவதில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் மேசைமேல் கிடக்கும் ஒரு பாகத்தையும் கொடுத்து, கையால் மூன்று பக்கத் தோற்றம் வரையச் சொல்வேன். பிறகு அவருடைய இறுதியாண்டுத் திட்டத்திலிருந்து ஒரு பாகத்தைக் குறிப்பிட்டு, இது என்ன பொருள், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று கேட்பேன். தாமே செய்தவருக்கு இந்தக் கேள்விகள் விருந்து. எந்தக் கடையில் இரும்புப் பட்டை கிடைக்காமல் அலைந்தார் என்பதிலிருந்து வெல்டிங்கில் எப்படி வளைந்துபோனது என்பது வரை சொல்லிக்கொண்டே போவார். மதிப்பெண் 65 சதவீதமாக இருந்தாலும் அவரை எடுத்துவிடுவோம். தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்தில் திணறுபவர்களிடம் நான் தமிழிலேயே பேசுகிறேன். ஆங்கிலத்தை ஓராண்டில் பழக்கிவிடலாம்; செய்து பார்க்கும் குணத்தை அப்படிப் பழக்க முடியாது.

தகவல்தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் போவதைப் பற்றியும் கேட்கிறார்கள். குடும்பச் சூழ்நிலையால் போகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு அப்புறம் சொந்தத் துறைக்குத் திரும்பலாம் என்ற கணக்கு மட்டும் பெரும்பாலும் நடப்பதில்லை. திரும்பும்போது புதியவருக்குரிய சம்பளத்தில்தான் எடுப்பார்கள். அதற்குள் வாழ்க்கைச் செலவு உயர்ந்திருக்கும். போவதானால் அந்தத் துறையையே தம்முடையதாக ஏற்றுக்கொண்டு போவது நல்லது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு வேறு கணக்கு: அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் அதைக் கொண்டு ஆளெடுக்கின்றன. வேலையில் இருந்துகொண்டே ஒன்றிரண்டு முறை எழுதிப் பார்க்கலாம்.

பெண் பொறியாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உற்பத்திக்கு என்று எடுத்துவிட்டு, ஆவணம் தயாரிக்கும் மேசையில் உட்கார வைத்துவிடுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது; அக்கறை என்ற பெயரில் நடப்பதால் மறுக்கவும் முடிவதில்லை. தொழிற்சாலைகளில் பெண்களை இரவுப் பணியில் அமர்த்தக் கூடாது என்ற சட்டப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. உரிய பாதுகாப்போடு அமர்த்தலாம் என்பதே அதன் பொருள். ஆகவே பேருந்து வசதி உண்டா, எந்திரக்கூடத்துக்குப் பக்கத்திலேயே பெண்களுக்குக் கழிவறை உண்டா, இப்போது உற்பத்தியில் எத்தனை பெண்கள் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கேட்பதால் வேலை போய்விடும் என்ற நிறுவனத்தில், சேர்ந்த பிறகும் அந்த மேசைதான் மிஞ்சும்.

ஆணையில் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஆண்டுத் தொகை என்று போட்டிருக்கும் எண்ணில் நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும், பணிக்கொடைக்கான ஒதுக்கீடும், சாப்பாட்டுக் காசும்கூடச் சேர்ந்திருக்கும். கைக்கு வருவது எவ்வளவு என்று நேராகக் கேட்பதில் தவறே இல்லை. சில இடங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவதானால் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. முன்பணம் கேட்கும் எந்த இடைத்தரகரும் வேலை வாங்கித் தரப்போவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்டுவேன் என்று எழுதிக்கொடுக்கும் பாண்டு விஷயத்தில், அது செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பொதுத்துறை வங்கி ஒன்றின் நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்திருக்கிறது. எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, அதற்கு ஈடாக நிறுவனம் என்ன பயிற்சி தருகிறது என்பதைப் படித்துப் பார்த்து, நியாயமாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள்.

எத்தனை காலம் முதல் வேலையில் இருப்பது என்றால், நீங்கள் தொடங்கிய ஒரு பொருள் வாடிக்கையாளர் கையில் ஓராண்டாவது ஓடி, அதிலிருந்து வரும் புகார்களை நீங்களே எதிர்கொள்ளும் வரை இருப்பது நல்லது. பம்ப் தொழிலில் அதற்கு எப்படியும் இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். ஆறு மாதமாகப் புதிதாக எதையும் கற்கவில்லை, கேட்டும் துறை மாற்றவில்லை என்றால் அதற்கு முன்பே கிளம்பலாம். கிளம்பும்போது அறிவிப்புக் காலத்தை முழுதாக முடித்து, பொறுப்பில் இருந்த வரைபடங்களையும் கோப்புகளையும் எழுத்துப்பூர்வமாக ஒப்படைத்து, பணியிலிருந்து விடுவிக்கும் கடிதத்தையும் அனுபவச் சான்றையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று யு.ஏ.என். என்ற உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள். அது பதிவாகாமல் இருந்தால் அடுத்த நிறுவனத்தின் கணக்கோடு இணைக்கும்போது இழுபறியாகும். கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் ஆன பிறகு அந்தத் தேதியை நீங்களே இணையத்தில் பதிவுசெய்துகொள்ளவும் வழி இருக்கிறது.